கையில் தட்டோடு சம்பந்தி

ஜூன் 14, சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மோட்டார் மறுபடியும் ரிப்பேர். கீழ்த் தொட்டியிலிருந்து குடம் குடமாக நான்தான்.

நாளை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பிரபு, அவன் அப்பா, அம்மா. பூ வைக்க நாள் குறிக்கும் பேச்சு. மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர், ஒரு பஸ்தான்.

வாங்க: வெற்றிலை, சாத்துக்குடி, மல்லி இரண்டு முழம் (போதாது, மூன்று), பினாயில்.

சாப்பாடு எங்கே என்பதில் மகளோடு சண்டை. "வீட்லயே ஆக்கிடலாம்மா, நானும் கூட நிக்கறேன்" என்கிறாள் சுமதி. இந்த அடுப்படியிலா? சுவரெல்லாம் கரி, மேலே சிமெண்ட் ஷீட். சித்தூர் ரோட்டில் புதிதாக மீன் ஓட்டல், ஏசி, விலையும் கம்மி. அவர்களுக்கு மீன் என்றால் உயிராம். மலைக்கோயிலுக்கு இந்தத் தடவை ஏறவில்லை என்று அவர்களே சொல்லிவிட்டதால் கவுச்சிக்குத் தடையில்லை. "அங்க நம்மளே தட்ட எடுத்துகினு வரிசைல நிக்கணும்மா" என்றாள். நின்றால் என்னவாம்? ஓட்டல்தான், முடிவு.

15, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும்.

கூட்டமான கூட்டம். பில் போட்டு, ட்ரே எடுத்து, சோறு ஒரு இடம், குழம்பு ஒரு இடம், வறுவல் ஒரு இடம். "சங்கரா மீனு முடிஞ்சிச்சு, அடுத்தாளு வா வா!" சம்பந்தி வெள்ளை வேட்டி சட்டையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நைனா, நீ போயி உக்காரு, நான் எடுத்துகினு வரேன்" என்றான் பிரபு. அவரும் நகர்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் வரிசையில் நிற்க, இவர் மட்டும் உட்காருவாரா? என் வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி, "பெரிய ஜமீன் பரம்பரை! ஒரு தட்டு தூக்கினா கொறஞ்சா பூடுவாரு?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான். என் வாய் அப்படி.

அவர் திரும்பி வந்தார். மகனை விலக்கிவிட்டுத் தானே ஒரு ட்ரே எடுத்தார். சோறு, குழம்பு, வஞ்சிரம் ஒரு துண்டு. மேசைக்கு வருவதற்குள் ட்ரே கடகடவென்று ஆடியது. குழம்பு முழுக்க வேட்டியில், மீன் தரையில். "பெர்சு காலைலயே ஏத்திகினு வந்துட்ச்சுடா" என்றான் யாரோ. கடையே சிரித்தது.

நானும் சிரித்தேன். நல்லா வேணும் என்று தோன்றியது. ஐயோ, தோன்றியது. இங்கேகூட எழுதாவிட்டால் வேறு எங்கே.

சம்பந்தியம்மா முந்தானையால் வேட்டியைத் துடைத்தார். சம்பந்தியின் கை அப்போதும் ஆடிக்கொண்டே இருந்தது. வெறும் கை. தூக்க ஒன்றுமே இல்லாத கை. அது குடி இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. நிமிர்ந்தால், சுமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பல் இன்னும் வெளியேதான் இருந்திருக்கும்.

நாள் குறிக்கவில்லை. "வீட்ல பேசிட்டு சொல்றோம்" என்று பஸ் ஏறிவிட்டார்கள்.

16, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. சுமதி என்னிடம் வாயே திறக்கவில்லை. டிபன் பாக்ஸை எடுக்காமலே சென்னை ரயிலுக்குப் போய்விட்டாள். எலுமிச்சை சாதத்தை நானே தின்றேன்.

சாயந்திரம் அப்பாவிடம் மட்டும் பேசியிருக்கிறாள். அவர் வந்து சொன்னார். சம்பந்திக்கு நரம்புத் தளர்ச்சியாம், மருந்தில்தான் ஓடுகிறதாம். வெளியில் சாப்பிடவே மாட்டாராம், நமக்காக வந்தாராம். சுமதிக்கு முதலிலிருந்தே தெரியுமாம்.

"அப்புறம் ஏன் நம்மகிட்ட சொல்லல?"

"நீ எதனா சொல்லிடுவன்னுதான்" என்றார், துண்டை உதறிக்கொண்டே.

அதற்குப் பதில் என்னைச் செருப்பால் இரண்டு போட்டிருக்கலாம்.

பிரபுவின் அம்மா இன்னும் யோசிக்கிறாராம். இது நின்றுபோனால் என் ஒருத்தியால்தான். குளியலறையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிள்ளை அழுதிருப்பாள்.

17, செவ்வாய்

மலைக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது.

மோட்டார்காரன் வந்தான், பார்த்தான், போனான். தண்ணீர் ஏறவில்லை. பால் திரிந்துவிட்டது.

சிரித்தது தப்பு என்று நானே சொல்லிவிடுவது. காலில் விழச் சொன்னாலும் விழுவது. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வேலையிலிருந்து வந்த சுமதி அடுப்படி வாசலில் நிற்கும்போதுதான் போன் போட்டேன். அவளும் கேட்கட்டும் என்று.

"அண்ணா, அன்னிக்கி ஓட்டல்ல நானு..."

"அத்த வுடும்மா" என்றார் சம்பந்தி. "சுமதி பாப்பா எல்லாம் சொல்லிச்சு. பதட்டமானா உங்களுக்கு சிரிப்பு வந்துடுமாமே. அப்பறம் வீட்டாண்ட வந்து அழுதுகினே இருந்தீங்களாமே. ஜமீன்னு சொன்னதும் வெளையாட்டுக்குதான்னு சொல்லிச்சு. கேட்டப்பறந்தான் எங்க வீட்ல மனசு ஆறிச்சு. முன்னாடியே சொல்லாதது எங்க தப்பும்மா."

நான் அழவேயில்லை. ஒரு சொட்டுகூட.

சுமதியைப் பார்த்தேன். என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறாள். பெற்ற மகள்.

"ஆங்... ஆமாங்கண்ணா" என்றேன். "பதட்டந்தான்."

ஆவணியில் பூ வைத்துவிடலாம் என்றார். போனை வைத்தேன்.

"தேங்க்ஸ்மா" என்றாள் சுமதி. ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.