மாமனார் காதுக்குள் என் பல்பு

கார்த்திகை 3, ஞாயிறு. கடலூர்.

நான் டிசைன் செய்த எல்இடி பல்பை மற்ற கருவிகளுக்கு இடைஞ்சல் தருகிறதா என்று பார்க்கும் லேப் டெஸ்டுக்கு நாளை கம்பெனியிலிருந்து அனுப்புகிறார்கள். பெருமைக்கு ஒன்றைச் சிதம்பரத்தில் மாமனார் வீட்டில் மாட்டினேன். சுவிட்ச் போட்டதும், ஹியரிங் எய்டைப் பிடித்துக்கொண்டு துள்ளினார்.

"மாப்ள, காதுல வண்டு பூந்துடுச்சு!"

அணைத்தேன், வண்டு போனது. போட்டேன், வந்துவிட்டது. லேபில் இந்தப் பல்பு தேறாது என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

"பல்போட மின் இரைச்சல்தான் ஹியரிங் எய்டுல கேக்குது மாமா. கழட்டிடறேன்."

"இருக்கட்டும் மாப்ள. ஒங்க அத்தை பேச ஆரம்பிச்சா போட்டுக்குறேன்."

அடுப்படியிலிருந்த அத்தைக்கு அது கேட்டுவிட்டது. இருவருக்கும் காபி வரவில்லை.

காலையில் ஓனரிடம் டெஸ்டைத் தள்ளிப்போடச் சொல்லணும். கோளாறை எந்த மெஷினில் கண்டுபிடித்தாய் என்பார். மாமனார் என்று எப்படிச் சொல்வது?