ராணி வேஷம் எனக்கில்லை

ஜூன் 3, 2025
நாடக இயக்குநர் கார்குழலி பழைய கிரேக்க நாடகம் ஒன்று போடப்போகிறாள். கப்பல் கிளம்பக் காற்று வேண்டுமென்று மகளைப் பலி கொடுத்த ராஜா. போர் முடிந்து திரும்பியவனை வீட்டுக்குள் வைத்துக் கொல்லும் ராணி. அந்தக் காலத்தில் அங்கேயும் ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டினார்களாம். இருபது வருடமாக மீசையை மழித்துக்கொண்டு கூத்தில் ராணி வேஷம் கட்டுகிறவன் நான். வேறு யார் கட்ட முடியும்? பெரிய மார்க்கெட்டில் வளையலே வாங்கிவிட்டேன்!

ஜூன் 8
ராணி வேஷம் பள்ளிக்கூடத்துக் கமலா டீச்சருக்காம். நான் ராஜாவாம்.
"எனக்கு இன்னாம்மா கொறச்சல்?" என்று கேட்டேவிட்டேன்.
"கொறச்சல் இல்லண்ணே. ஆம்பள பயந்து பயந்து கற்பனை பண்ண பொம்பளயத்தான் இத்தினி நாளு பாத்தோம். அவளே வந்து பேசட்டுமே" என்றாள்.
கோபம் கோபமாக வருகிறது. விலகிவிடலாமா?

ஜூன் 15
ஒத்திகையில் மானம் போச்சு. ஊர் திரும்பும் ராஜாவுக்கு ராணி ஆலாத்தி எடுக்கும் காட்சி. தட்டு முகத்துக்கு நேரே வந்ததும், பழக்க தோஷம் — தலையைக் குனிந்து, இல்லாத முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். கார்குழலி சிரிக்கவில்லை.
"அவ கண்ணப் பாருங்கண்ணே. எம்பொண்ணு எங்கன்னு கேக்கற கண்ணு அது."

ஜூன் 22
டீச்சர் இடுப்பை ஒடிப்பதில்லை, கூந்தலை அவிழ்ப்பதில்லை. நானாக இருந்தால் நாக்கைத் துருத்தி அரங்கத்தையே அதிர வைத்திருப்பேன். இவள் சும்மா நிற்கிறாள். மகள் பேரை, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி ஒரே ஒரு தரம் சொல்கிறாள். சே, என்ன நடிகை! இவளிடம் ராணியைக் கொடுத்தாளே, அந்தக் கார்குழலிக்கு என்ன கண்!

விலகப்போவதில்லை.

ஜூலை 6
நாடகம் முடிந்தது. கொலைக்குப் பிறகு வெளியே வந்த டீச்சர், கூட்டத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை, மிரட்டுகிற குரலும் இல்லை. பிணமாகக் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் பெண்டாட்டி வேம்பும் பார்க்க வந்திருந்தாள். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "உன்ன வெட்டனது சரின்னு தோணிச்சுய்யா."

எந்தக் கைதட்டலுக்கும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஜூலை 11
கனகசெட்டிக்குளம் திருவிழாக் கூத்துக்கு எங்கள் கூத்து வாத்தியார் மதிவாணன் போன் செய்தார்.
"ராணி வழக்கம்போல நீதானேப்பா?"
"கமலா டீச்சரக் கேளுங்க வாத்தியாரே. நம்பர் அனுப்பறேன்."
"பொம்பளயா? அப்ப நீ இன்னா பண்ணுவ?"
"எதுத்தாப்பல ராஜாவா நிக்கறேன்."
வலிக்காமல் இல்லை. டீச்சர் ஒத்துக்கொண்டாள்.

இன்று காலை மீசையை மழிக்காமல் விட்டேன்.