ஆயுத பூஜைக்குக் குளிப்பாட்டிய கிளைடர்

ஹெப்பாள், மைசூரு
27-10-2024

அன்பு மகள் அஷ்வினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், என் முட்டிவலி மட்டும் வந்து போகிறது. அந்த ஊர்க் குளிர் உன் உடம்புக்குப் பழகிவிட்டதா? இதைப் போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

நான் கூட்டிப் பெருக்கும் காலேஜின் பட்டறையில் அப்பா ஏழு மாதமாக ஒரு பழைய கிளைடரைச் சரிசெய்கிறார் அல்லவா, காற்றிலேயே மிதக்கிற குட்டி விமானம், எஞ்சின் கிடையாது, மரச்சட்டமும் துணியும்தான், ஒரே சீட்டு. நீ இருக்கும் ஜெர்மனியில்தான் இந்த மாதிரி ஒன்றில் முதலில் பறக்கப் பழக்கினார்களாம். பழகுகிறவர் முதல் நாளே தனியாக உட்கார வேண்டும், வாத்தியார் தரையில் நின்று கத்துவார். முதலில் நின்ற இடத்திலேயே காற்றில் இறக்கை சாயாமல் நிறுத்துவது, அப்புறம் தரையோடு சறுக்குவது, அப்புறம் ரப்பர் கயிற்றை ஆட்கள் இழுத்துவிட ஆள் உயரத்துக்கு ஒரு தாவல். உடைந்தால் தச்சர் ஒட்டித் தருவார், இன்னொருவர் ஏறுவார். வாத்தியாரும் கூட உட்காரும் இரட்டை சீட்டு வந்ததும் இதை மூலையில் போட்டுவிட்டார்கள். சோற்றுத் தட்டின் முன்னால் அப்பா சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம், எங்கள் கல்யாணக் கதையைக்கூட மனுஷன் இத்தனை தடவை சொன்னதில்லை.

ஆயுத பூஜைக்குக் காலேஜ் பஸ்ஸையெல்லாம் கழுவினோம். இதை மட்டும் தூசியோடு விட எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பா கொள்ளேகால் போயிருந்தார். பைப்பைப் பிடித்து இறக்கை முழுக்கக் குளிப்பாட்டி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டேன். நாலு நாள் கழித்து அப்பா பிள்ளைகளிடம், இதன் பழைய பசை பாலிலிருந்து எடுத்தது, ஈரத்தில் ஊறினால் விட்டுவிடும் என்று சொல்வதைக் கேட்டேன். போய் இறக்கையைத் தடவிப் பார்த்தேன். ஆனாலும் அவருடைய ஏழு மாத உழைப்பை நினைத்து, வெளியே நன்றாகத்தானே இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். கழுவியதைவிட அதுதான் பெரிய தப்பு.

போன ஞாயிறு தாவல் வைத்திருந்தார்கள். வைஷாலி என்று மூன்றாம் வருஷத்துப் பெண் ஏறி பெல்ட் போட்டாள். எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. நான் துடைப்பத்தோடு ஓடிப்போய் முன்னால் நின்று, "தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டனுங்க, புள்ளைய எறக்குங்க" என்று கத்தினேன். அப்பா இறக்கையின் அடித்துணியைக் கிழித்துக் கையை விட்டார். ஒரு மூட்டு நனைந்த ரொட்டி மாதிரி கையோடு வந்தது.

ஆறு நாள் என்னோடு பேச்சில்லை. நேற்று சாப்பாடு கொடுக்கப் பட்டறைக்குப் போனபோது துணியெல்லாம் உரித்துக் கிடந்தது. "பதனொரு மூட்டு உட்டுப்போச்சு அஞ்சல" என்றார். நான் அழுதுவிட்டேன். "கழுவுனது கெடக்குது உடு. நீ அன்னிக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா அந்தப் புள்ளையோட அம்மா மூஞ்சிய நான் எப்புடிப் பாப்பேன்" என்றார். மறுபடி ஒட்ட ஆரம்பித்திருக்கிறார்.

மாதேஸ்வர சாமி உனக்குத் துணை இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் இரு கண்ணு. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. போனில் எப்போது கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்கிறாய், நானும் சரி என்று வைத்துவிடுகிறேன். இனி அப்படி வைக்க மாட்டேன். நான் மறைத்ததை எழுதிவிட்டேன், நீயும் உள்ளதை எழுது.

உன் அம்மா,
அஞ்சலை