தும்மலுக்கு முன்னால்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடையில் ஒரு மூக்குக்கண்ணாடிக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். வந்தவர் நல்ல மனிதர். "எனக்குத்தான் தலை சுத்துதுன்னு நினைச்சேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். என் மனசு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி, குரல் வருகிற இடத்திலேயே. இருபதாம் தேதி ஆபரேஷன். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "உயிருக்கு பயமில்ல. குரல் திரும்ப வரும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "உனக்கு நிம்மதிடா சுண்டெலி. இனிமே திட்டு கிடையாது." தலை நரைத்தாலும் அவளுக்கு நான் சுண்டெலிதான்.

மார்ச் 5, வியாழன்

அந்தத் திருடன் கதை எனக்கு வேண்டும். அவள் குரலில். வேறு எதுவும் வேண்டாம்.

அப்பா அம்மா இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. என்னைப் பார்த்துக்கொண்டது அக்காவும் அவள் தையல் மெஷினும். துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில், துண்டுத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். மெஷின் கடகடவென்று ஓடும், கதையும் கூடவே ஓடும். திருடன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறான். மேலே வீட்டுக்காரன். கீழே ஒரே தூசி. "திருடனுக்கு மூக்கு அரிச்சுது... தும்மல் வந்துச்சு..." — அங்கே மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். மெஷின் நின்றுவிடும். ஊசியில் நூல் கோப்பாள், ஊரே காத்திருக்கட்டும் என்பது மாதிரி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன். அதற்கப்புறம்தான், "ஹச்."

புதுத் துணியின் கஞ்சி வாசனைகூட இப்போது வருகிறது. எழுதும்போதே அழுகை வருது, என்ன பண்ண.

மார்ச் 7, சனி

ரெக்கார்டர் வாங்கப் போனேன். ஃபோன் போதாதா என்றாள் மனைவி. கதை நடுவில் எவனாவது கூப்பிட்டு கிரெடிட் கார்டு வேணுமா என்பான்.

இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று சின்னது, ஒரே ஒரு சிவப்புப் பொத்தான், காதில் விழுவதையெல்லாம் பதியும். மற்றது விலை மூன்று மடங்கு. விற்பனைப் பெண் சொன்னாள், "இது பேச்ச மட்டும்தான் எடுக்கும் சார். பின்னாடி ஓடுற சத்தம், சும்மா இருக்கற நேரம், எல்லாத்தையும் அதுவே வெட்டிடும்." அக்காவுக்கு என்று வாங்கும்போது மட்டமானதையா வாங்குவது? பெரியதையே எடுத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

கதை பதிவாகிவிட்டது. சும்மா உட்கார்ந்து சொல்ல மாட்டேன் என்றாள். "கை ஓடாம எனக்கு வாய் ஓடாதுடா." தலையணை உறை ஒன்றைத் தைத்துக்கொண்டே சொன்னாள். குரல் கரகரத்தது. தும்மல் இடத்தில் மெஷினை நிறுத்தி, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

மார்ச் 9, திங்கள்

கேட்டேன்.

மெஷின் சத்தத்தைக் காணோம். "தும்மல் வந்துச்சு ஹச்." அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. அவள் நூல் கோத்த நேரம் மொத்தமும் போச்சு. பஸ் பிடிக்கப் போகிறவள் சொன்ன கதை மாதிரி இருக்கிறது. எது சும்மா இருக்கற நேரம்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அத போய் காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன் பாரு, நான் ஒரு மடையன்.

மார்ச் 10, செவ்வாய்

கதையை ஃபோனில் ஏற்றிக்கொண்டு, ரெக்கார்டரை மாற்றப் போனேன். சிவப்புப் பொத்தானையே கொடும்மா என்றேன். "இதுல ஃபேன் சத்தம்கூட விழும் சார்" என்று எச்சரித்தாள். விழட்டும்.

மார்ச் 11, புதன்

அக்கா கதவைத் திறந்தாள். வாயைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து மாமாதான் சொன்னார்: "ஆபரேஷன் வரைக்கும் உங்கக்கா ஒரு வார்த்தை பேசக்கூடாதாம். காலைல டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்."

ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. டீ குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

முடிந்தது. நன்றாக இருக்கிறாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான். இனிமேலும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தயங்கித் தயங்கி, இன்று ஃபோனில் அவள் கதையைப் போட்டுக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தும்மல் வந்ததும் முகத்தைச் சுளித்தாள், கோணல் தையலைப் பார்த்தால் சுளிப்பாளே, அப்படி. ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு போய் மெஷினில் உட்கார்ந்தாள். மேஜைக்கு அடியைக் கை காட்டினாள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டா? மாமா சிரித்தார். எப்படியோ மடங்கிப் போய் உட்கார்ந்தேன். புது ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்தி மடியில் வைத்துக்கொண்டேன்.

கதை முதலிலிருந்து ஓடியது, கூடவே மெஷினும். முதல் தடவை கை தவறிவிட்டது, தும்மல் முந்திக்கொண்டது. மறுபடி போட்டாள். "மூக்கு அரிச்சுது... தும்மல் வந்துச்சு" — ஃபோனை ஒரு விரலால் நிறுத்தினாள். காலையும் எடுத்தாள். ஊசியில் நூல் கோத்தாள். சரியாகவில்லை போல, நுனியை நாக்கில் நனைத்து மறுபடி கோத்தாள். எனக்கு அந்தக் கதை தலைகீழாகத் தெரியும். ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

குனிந்து மேஜைக்கு அடியில் என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் விரலை வைத்தாள்.

"ஹச்."

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். எல்லாம் இருக்கிறது. அவள் நூல் கோத்த நேரம் முழுக்க ஃபேன் சத்தம் விழுந்திருக்கிறது.