அப்பாவின் துண்டில் இருந்த வாசம்

என் வெட்டுக்கிளிக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது, கால் வீக்கம் வடிந்ததா. போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம், அதனால்தான் கடிதம். பிழையைப் பார்த்துச் சிரிக்காதே.

அப்பா தவறிப்போன இந்த மூன்று மாதத்தில் நீ காலையும் மாலையும் ஓடி ஓடிக் கால் எலும்பில் கீறல் விழவைத்துக்கொண்டாய். ஆறு வாரம் தரையில் ஓடக்கூடாது, சைக்கிள் மிதி, எடை தூக்கு, நீச்சல்குளத்தில் இறங்கு என்று உன் பயிற்சியாளரம்மா சொன்னதும் எனக்கே கோபம் வந்தது. உனக்குத் தெரியாமல் அவருக்குப் போன் போட்டு, ஓடுற பொண்ண எதுக்கும்மா தண்ணியில தள்றீங்க, அவ என்ன மீனா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, மூச்சுக்கு எது தரை எது தண்ணின்னு தெரியாதும்மா, அதுக்கு வேலை குடுத்துட்டே இருந்தா போதும், அதுக்குள்ள எலும்பு கூடிடும் என்றார். எனக்கு உடனே பிடிபட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்குத் தோள் பிடித்துக்கொண்டபோது மேற்பார்வை அக்கா ஈரப் போர்வை தூக்கவிடாமல் ஒரு மாதம் மடிக்கிற மேசையில் நிறுத்தினாரே, தோளும் ஆறியது, கைவேகமும் கூடியது.

வாளித் தண்ணீரைக் கண்டாலே கத்தினவள் நீ. அவளா போன வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் பத்து நிமிடம் கால் உதைத்தாள் என்று எனக்கு உடம்பே சிலிர்த்தது, நீ வாங்கின பதக்கம் எதற்கும் இப்படி ஆகவில்லை. நீயோ போனில், அப்பா வேணாம்னதைச் செஞ்சுட்டேம்மா, இனிமே இறங்கமாட்டேன், திங்கக்கிழமை ஓடத்தான் போறேன் என்று அழுதாய். அவர் இருந்தபோதே உன் பயிற்சியாளரம்மா நீச்சல் பழகச் சொன்னதற்கு, ஓடுறவ ஓடணும், தண்ணியில கெடந்தா காலு துவண்டுடும் என்று அவர் சொன்னது நிஜம்தான். ஆனால் இதைக் கேள். நேற்று பேருந்துப் பணிமனையில் அவர் அலமாரியைக் காலி செய்து ஒரு பை கொடுத்தார்கள். ஓட்டுநர் சட்டை இரண்டு, சீப்பு, அடியில் ஒரு நீச்சல் உடுப்பு, நம் வீட்டு நீலத் துண்டு, அவர் படம் ஒட்டின நீச்சல்குள அட்டை. போன ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக அட்டையில் பதினோரு துளை, கடைசித் துளை அவர் போவதற்கு இரண்டு நாள் முன்னால். குளம் எதிரேதான், பையோடு போய் நின்றேன். அங்கே நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர் அட்டையில் இருந்த படத்தை அடையாளம் கண்டுகொண்டு, அவரா, நாலு நாள் படியை விட்டே இறங்கலம்மா, அவ்வளவு பயம், ஆனாலும் என் பொண்ணு தண்ணிக்குப் பயப்படுவா, அவளுக்கு ஓட்டம் சொல்லித்தர்ற டீச்சர் இறங்கச் சொல்றாங்க, லீவுக்கு வர்றப்ப நான் முதல்ல இறங்கிக் காட்டணும்னு சொல்லிட்டே இருப்பாரு என்றார். கடைசி நாள் பலகையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரை வரை போனாராம், போய்த் திரும்பிப் பார்த்து அவரே கை தட்டிக்கொண்டாராம். தன் பயத்தை மறைக்கத்தான் தண்ணியில் கால் துவளும் என்று நம்மிடம் சொல்லியிருக்கிறார் மனுஷன். அந்தத் துண்டை வாராவாரம் துவைத்தவள் நான்தான், அதிலிருந்த ப்ளீச்சிங் பவுடர் வாசம் சலவைக்கூடத்தில் என் கையில் ஒட்டியது என்றே நினைத்தேன். கண் சிவந்து வந்தால், யாரோட சேர்ந்து ஊத்திட்டு வர்றீங்க என்று வேறு கேட்பேன், சிரிப்பார்.

ஆகவே அப்பா வேண்டாமென்ற பேச்சு இனி கிடையாது. திங்கட்கிழமை ஓடாதே, குளத்துக்குப் போ. அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன், நனையாமல் வைத்துக்கொள். தலையை நன்றாகத் துவட்டு. எலும்பு கூடி, பந்தயத்தில் நீ நினைத்த இடத்துக்கு வருவாய், நீண்ட நாள் நன்றாக இருப்பாய்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அம்மா

கடிதத்தை ஒட்டப்போகும்போது மனம் கேட்கவில்லை. பதினோரு நாளில் ஒரு நாளாவது, கரையில் நின்று கை தட்ட என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, ஏன்டி அவர் கூப்பிடவில்லை?