காற்றுப் பக்கக் கயிறு

மார்ச் 2, ஞாயிறு

பயிற்சி ஓட்டம். ஆறு படகுகளில் நாங்கள் ஐந்தாவது. திசை மாற்றும்போது என் கயிறு கையிலிருந்து நழுவி, கப்பி வழியாக முழுவதும் ஓடித் தண்ணீரில் விழுந்தது. அதைப் பிடித்து மறுபடி கோக்கப் பத்து நிமிடம். சுக்கானில் உட்கார்ந்திருந்த அத்தான், பக்கத்துப் படகுக்கும் கேட்கும்படி, "முப்பது வருஷமா பேனா புடிச்ச கை. கயிறு எங்க நிக்கும்?" என்றார். அக்கா சிரித்தாள். அவர் சொன்னதைவிட அதுதான் உறுத்துகிறது.

அத்தான் இந்தப் பாய்மரப் படகை வாங்கி மூன்று வருடம். அவர் கேப்டன், அக்கா முன்பக்கம், நான் கயிறு. வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

மார்ச் 8, சனி

நாளை போட்டி. மாலை படகுத்துறைக்குப் போய், கயிற்று முனையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். இனி நழுவாது. இப்போது அத்தான் பேசட்டும், பார்க்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

மருத்துவமனை வராந்தா. அக்கா உள்ளே.

மார்ச் 10, திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பத்திரிகைத் தொழில் பழக்கம்.

ஸ்பின்னேக்கர் என்பது படகின் முன்னால் பலூன்போல உப்பி நிற்கும் பெரிய பாய். பின்காற்று அடிக்கும்போது படகையே இழுத்துக்கொண்டு போகும். ஏற்றுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. இறக்குவதில்தான் ஆபத்து, அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கேப்டன் படகைக் காற்றோடு திருப்ப வேண்டும். நடுப்பாயின் மறைவில் இது சோர்ந்துபோகும். அடுத்து நான் காற்றுப் பக்கக் கயிற்றை மொத்தமாக விட்டுவிட வேண்டும். பாய் காற்றைக் கொட்டிவிட்டுக் கொடிபோலப் படபடக்கும். அக்கா மறுபக்கக் கயிற்றைப் பிடித்துத் துணியை உள்ளே அள்ள அள்ள, கேப்டன் மேல் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்.

நேற்று, படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய மிதவையை நெருங்கியபோது எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகு. "இறக்கிடலாமா?" என்று அக்கா இரண்டு முறை கேட்டாள். "இரு, இரு. அவனைத் தாண்டிடுறேன்" என்றார் அத்தான். பிறகு படகைத் திருப்பாமலே "இறக்கு!" என்று கத்தினார். நான் கயிற்றை விட்டேன். ஓடியது, எதிலோ சிக்கியதுபோலச் சட்டென்று நின்றது. சோர வேண்டிய பாய் மறுபடி உப்பியது. அக்கா பிடித்திருந்த கயிறு அவள் விரல்களையும் சேர்த்துப் பக்கக் கம்பியில் இறுக்கிவிட்டது. அத்தான் தன் பக்கத்துக் கப்பியருகே என் கயிற்றைக் கத்தியால் வெட்டினார். அதற்குள் ஐந்தாறு வினாடி.

வலது கை. சுட்டுவிரலும் நடுவிரலும் முறிவு. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அக்கா பல் டாக்டர்.

மார்ச் 12, புதன்

கிளப் செயலாளர் போன் செய்தார். விபத்து அறிக்கை வேண்டுமாம். "நீங்கதான் எழுதுறவங்க, மேடம். திடீர்க் காத்துன்னு கேப்டன் சொல்லிட்டாரு. அதையே கொஞ்சம் அழகா எழுதிக் குடுத்துடுங்க."

அழகா!

விபத்துச் செய்திகளில் 'திடீரென' வந்தால் அடித்துவிடச் சொல்லி எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன். லாரி திடீரெனக் கவிழாது. யாரோ தூங்கியிருப்பார்கள்.

மார்ச் 13, வியாழன்

அக்கா இடது கையால் சாப்பிடுகிறாள். யாரும் பார்க்காதபோது மட்டும்.

மார்ச் 15, சனி

அக்கா வீட்டில் கேட்டே விட்டேன். "ஏன் படகைத் திருப்பலை?"

"காத்து திடீர்னு அடிச்சுது. அவ்வளவுதான். இத்தோட விடு."

"அவ ரெண்டு தடவை கேட்டா, அத்தான். ஒரு பிளாஸ்டிக் கோப்பைக்கு அவ கையைக் குடுத்துட்டீங்க."

அவர் என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு எழுந்து போனார். சொல்ல என்ன இருக்கு அவருக்கு? என்ன நெஞ்சழுத்தம்! பொண்டாட்டி கை போயிடுச்சு, இவருக்குப் பேர் போகக்கூடாது.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "ரெண்டு பேரும் வெளிய போய் அடிச்சுக்கங்க. எனக்கு வலிக்குது."

மார்ச் 19, புதன்

காலை, படகு நிற்கும் பட்டறை. மெக்கானிக் அந்தக் கப்பியைக் கழற்றிக் காட்டினார். வாய் பிளந்திருந்தது. "கயிறு சும்மா ஓடியிருந்தா இப்படி ஆகாது. முனையில முடிச்சு இருந்திருக்கு. அது வந்து அடைச்சுக்கிச்சு."

"முடிச்சு எங்க?"

"சார் அன்னிக்கே எடுத்துப் பையில போட்டுக்கிட்டாரே. யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு."

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதைத்தான் ஒளிக்கிறார். திரும்பி வரும்போதே அறிக்கையின் முதல் வரி தயார்.

மாலை. தேதிகளைச் சரிபார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன். மார்ச் 8.

மார்ச் 20, வியாழன்

'கயிற்று முனையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.' என்ன நேர்த்தியான வாக்கியம். முடிச்சு என்ற சொல்லே இல்லை.

முனையில் முடிச்சு கூடாது, அவசரத்தில் கயிறு ஓடிப்போய்விட வேண்டும் என்று முதல் நாளே சொல்லித் தந்தவள் அக்கா. போட்டிக்கு முன் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேனா? நினைத்திருப்பேன். எழுதி வைக்கவில்லை. எழுதாததை என்னிடம் யாராவது சொன்னால் நான் நம்புவேனா?

ஆக, 15ஆம் தேதி அவர் விழுங்கியது இதைத்தான்.

மார்ச் 24, திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று. ஒன்றரைப் பக்கம். படகைத் திருப்பாமல் இறக்க உத்தரவிட்டவர்: கேப்டன். கயிற்று முனையில் முடிச்சுப் போட்டவர்: இந்த அறிக்கையை எழுதுபவர். காற்று: காலையிலிருந்து ஒரே சீர்.

கொடுப்பதற்கு முன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். "கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள்.

மார்ச் 29, சனி

அத்தானும் நானும் ஒரு வருடம் போட்டியில் இறங்கக்கூடாது என்று கிளப் முடிவு. அத்தான் போனில்: "உன்னைக் காப்பாத்தலாம்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். நீ என்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிட்டியே."

என்னைக் காப்பாற்றினாரா? இல்லை, திடீர்க் காற்று எங்கள் இருவருக்குமே வசதியாக இருந்ததா? இதை அவரிடம் கேட்கவில்லை. எனக்கும் அருகதை இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அக்கா போனை எடுப்பதில்லை. மணி அடித்து முடியும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 7, புதன்

அக்காவின் கிளினிக் வழியாகப் போனேன். கண்ணாடிக்கு உள்ளே, நாற்காலியருகே வேறொரு டாக்டர். அக்கா வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஜூன் 16, திங்கள்

காலை எட்டு மணிக்கு அக்காவே கூப்பிட்டாள். "அவர் ஊர்ல இல்லை. பிசியோதெரபிக்குப் போகணும். வண்டி எடுத்துட்டு வா." போனை வைத்துவிட்டாள்.

போனபோது வாசலருகே நாற்காலியில் இருந்தாள். காலில் ஷூ, லேஸ் இரண்டும் தரையில். "ரெண்டு விரல் மடங்க மாட்டேங்குது. போடு" என்று காலை நீட்டினாள். "முடிச்சு போட உனக்குச் சொல்லியா தரணும்."

அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டேன். மண்டியிட்டுப் போட்டேன்.

"இழுத்தா அவுற மாதிரி போட்டியா?"

"ம்."

நம்பவில்லை. குனிந்து, மடங்காத இரண்டு விரல்களுக்கு நடுவில் லேஸ் நுனியைக் கவ்வி இழுத்துப் பார்த்தாள். முதல் தடவை நழுவியது. இரண்டாம் தடவை அவிழ்ந்தது.

"சரி. மறுபடி போடு."