ஆறாவது ப்ரூஃப்

ஜூலை 8, திங்கள்
காலையிலேயே புழுக்கம். மயிலாப்பூர் பட்டறையில் மின்விசிறி போட முடியாது, தாள் பறக்கும். துத்தநாகத் தகட்டில் புதிதாகச் சில கீறல்கள். மை தடவி, துடைத்து, தாளில் அழுத்தி, சோதனை அச்சாக ஒரே ஒரு ப்ரூஃப். ஆறாவது. முந்தையவை எதுவும் இதைப் போல இல்லை. இருக்கவும் கூடாது. ஒவ்வொரு ப்ரூஃபுக்கும் பிறகு தகட்டை மாற்றிவிடுகிறேன். திரும்பிப் போக வழி கிடையாது. இத்தனை வருடம் கான்வாஸில் கிடைக்காத பயம் இது.

அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றுகிற ஸ்டெல்லா, சாந்தோம்காரி, வாய் ஓயாது: "இன்னா மேடம், மழை பேஞ்ச செவுரு மாரி கீது!" இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான விமர்சனம்.

வாங்க வேண்டியவை: டர்பன்டைன், துடைக்கத் துணி, கொசுவர்த்தி.

ஜூலை 9, செவ்வாய்
மனோகர் வந்தான். தேனாம்பேட்டையில் கேலரி. கூலிங் கிளாஸைக் கழற்றாமலே படம் பார்க்கிறவன்.

"சூப்பர் மேடம். இதே மாதிரி இருபது போட்டுக் குடுங்க."

"இன்னொண்ணு வராது. தகடு மாறிடும்."

"மாத்தாதீங்களேன்."

இவனிடம் என்ன பேச. ஃபோட்டோ எடுக்கணுமாம், ஆறாவதை வாங்கிக்கொண்டு போனான். ராத்திரிக்கு மோர் சாதம்.

ஜூலை 12, வெள்ளி
ஆறாவதைத் திரும்ப வாங்கக் கிளம்பினேன். மாட வீதியில் நெரிசல். தேனாம்பேட்டை போய்ச் சேருவதற்குள் தலைவலி. கேலரி மேசையில் இருபது தாள். இருபதும் என் ஆறாவது ப்ரூஃப்! ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறான். தடவிப் பார்த்தேன். தகடு அழுந்திய பள்ளமே இல்லை, கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழ. பென்சிலை நீட்டினான்.

"கையெழுத்து மட்டும் போடுங்க மேடம். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

பெயர்களை அடுக்கினான். அத்தனையும் என்னோடு படித்த கழுதைகள்.

 பென்சிலை வாங்கிக்கொண்டேன். அவன் ஃபோனில் யாரிடமோ குழைந்துகொண்டிருந்தான். கையெழுத்துப் போடும் இடத்தில், அழகாக: 'இது ஜெராக்ஸ்.' அஞ்சாறு தாள் முடிந்த பிறகுதான் பார்த்தான்.

"ஐயையோ, என்ன மேடம் பண்ணிட்டீங்க!"

அசலைச் சுருட்டிக்கொண்டு வெளியே. ஆட்டோ பிடித்தேன். இனி எந்தக் கேலரியும் கூப்பிடாது. போகட்டும்.

ஜூலை 15, திங்கள்
தூறல். மனோகர் ஃபோன். திட்டப்போகிறான் என்று பதிலுக்குத் திட்டத் தயாரானேன்.

"மேடம், நீங்க எழுதினது அத்தனையும் வித்துப் போயிடுச்சு! அந்த வரியைத்தான் கேக்கறாங்க. மீதியிலயும் அதே மாதிரி எழுதித் தரீங்களா?"

வைத்துவிட்டேன். ஊசியை எடுத்துத் தகட்டின் மேல் குனிந்தேன்.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாரி கீது, யார்னா செத்துப் பூட்டாங்களா?" ஸ்டெல்லா.

"இல்ல. சக்கரத்தைச் சுத்து."

தகடு முழுக்கக் கீறியிருந்தேன். கீறலெல்லாம் மை குடித்து, ஏழாவது ப்ரூஃப் ஒரே கறுப்பு.